சுடாத அடுப்பு, சுடுகிற பிளக்

இண்டக்ஷன் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. பாத்திரத்துக்கு வெளியே, அதே கண்ணாடித் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் வெறும் இளஞ்சூடு. மூன்றடி தள்ளி, சுவரில் செருகியிருக்கும் பிளக்கைத் தொட்டால் சில வீடுகளில் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சூடாக வேண்டிய அடுப்பு ஆறிக் கிடக்கிறது. சூடாகக் கூடாத பிளக் கொதிக்கிறது. இது என்ன நியாயம்?

கேஸ் அடுப்பில் இந்தக் குழப்பம் கிடையாது. தீ எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஆபத்து. பாட்டி காலத்திலிருந்து நம் கண்ணும் கையும் அதற்குப் பழகிவிட்டன. இண்டக்ஷனில் தீயே இல்லை. அதனால் பயமும் போய்விட்டது. ஆனால் சூடு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அது எங்கெல்லாம் போய் உட்காரும் என்று தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் புரியும்.

பாத்திரமே அடுப்பு

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளில் பேட்டரியை இணைத்தார். மற்றச் சுருளுக்கும் பேட்டரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் பேட்டரியை இணைத்த கணத்தில், இரண்டாவது சுருளோடு சேர்ந்திருந்த காந்த ஊசி ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. பேட்டரியைக் கழற்றியபோது மறுபடி துள்ளியது. இடையில், மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது, ஒன்றும் நடக்கவில்லை. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால்தான் பக்கத்தில் உள்ள உலோகத்தில் மின்சாரம் எழும். இதுதான் மின்தூண்டல். இண்டக்ஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

உங்கள் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே இருப்பதும் ஒரு கம்பிச் சுருள்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அடுப்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அதை வாங்கி, நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் மாறும்படி செய்து சுருளுக்கு அனுப்புகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும் என்பதால் நமக்குச் சத்தம் தெரிவதில்லை. சில பாத்திரங்கள் மட்டும் லேசாக ரீங்காரம் செய்யும். அது அடித்தட்டு அதிர்வது, கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்த வேகத்தில் மாறும் காந்தப்புலம் கண்ணாடியைக் கடந்து பாத்திரத்தின் அடியில் நுழைகிறது. அங்கே மின்சாரம் வட்டமிட்டுச் சுழல்கிறது. 1855-இல் பிரான்ஸில் லியான் ஃபூக்கோ, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே செம்புத் தகட்டைச் சுழற்றி, தகடு சூடேறுவதைக் காட்டினார். அந்தச் சுழல் மின்னோட்டம்தான் இன்று உங்கள் வீட்டில் சாம்பாரைக் கொதிக்க வைக்கிறது. மின்சாரம் உலோகத்தின் வழியே முண்டியடித்து ஓடும்போது ஏற்படும் எதிர்ப்புக்கு மின்தடை என்று பெயர். அந்தத் தடை இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும். ஆகவே இந்த அடுப்பில் எரிவது பாத்திரத்தின் அடிப்பாகம். கண்ணாடிக்கு அந்தச் சூட்டில் ஆதியில் பங்கே இல்லை.

1950களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவினர், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டினார்கள். தாள் எரியவில்லை. கூட்டம் வாயைப் பிளந்திருக்கும். இந்த வித்தையைப் பார்த்துவிட்டு இன்றும் சிலர் கண்ணாடி கீறாமல் இருக்கட்டும் என்று பாத்திரத்தின் கீழ் பேப்பரோ துணியோ விரிக்கிறார்கள். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தாள் தப்பிக்கும். அதே தாளின் மேல் தோசைக்கல்லை வைத்தால் கல் 200 டிகிரியைத் தாண்டும். தாள் கருகும், பிறகு பற்றும். வித்தை காட்டியவர்கள் தோசை சுடவில்லை.

அலுமினியத்துக்கு ஏன் மரியாதை இல்லை?

அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோகிறது. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகமாயிற்றே, பின் ஏன்?

நன்றாகக் கடத்துவதுதான் சிக்கல். தடை குறைவு, அதனால் சூடும் குறைவு. இரும்பிலும், காந்தம் ஒட்டும் வகை எவர்சில்வரிலும் கதை வேறு. அவற்றின் காந்தத் தன்மை, சுழலும் மின்சாரத்தை அடிப்பரப்பின் மெல்லிய தோல் ஒன்றுக்குள் நெருக்கிவிடுகிறது. இந்தத் தோல் இரும்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அலுமினியத்தில் அதுபோல் ஐந்து மடங்கு தடிமன். குறுகிய சந்தில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இரும்பில் நெரிசல் அதிகம், தடை அதிகம், சூடும் அதிகம்.

கடையில் பாத்திரம் வாங்கும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். அடியில் அழுத்தமாக ஒட்டினால் வாங்கலாம். ‘இண்டக்ஷன் பேஸ்’ என்று விற்கும் அலுமினிய குக்கர்களில், அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் தகடு பதித்திருப்பார்கள். அந்தத் தகடு காலப்போக்கில் விட்டுக்கொண்டு குக்கர் ஆட ஆரம்பித்தால் அதை கேஸுக்கு மாற்றிவிடுவது நல்லது. தட்டையாக உட்காராத பாத்திரத்தின் வெப்பத்தை அடுப்பு சரியாக அறியாது. அது ஏன் முக்கியம் என்பது எண்ணெய்க்கு வரும்போது தெரியும்.

ஒரு பிளக்கின் கணக்கு

இப்போது சுவருக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான். இண்டக்ஷன் அடுப்பைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அடுப்பு 2000 வாட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால், கம்பியில் ஓடும் மின்சாரம் சுமார் 8.7 ஆம்பியர். இது மிக்ஸிக்கு ஓடுவதைப் போல இரண்டரை மடங்கு. நம் வீடுகளில் இரண்டு வகை சாக்கெட் இருக்கின்றன: சின்ன பின் நுழையும் 6 ஆம்பியர், தடித்த பின் நுழையும் 16 ஆம்பியர். பழைய ஆட்கள் ஐந்து ஆம்ப்ஸ், பதினைந்து ஆம்ப்ஸ் என்பார்கள். 8.7 எதில் போக வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியும் பிளக் சுடுகிறதே?

சாக்கெட்டுக்குள் பித்தளைப் பட்டைகள் இரண்டு, பிளக்கின் பின்னை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. பிடி இறுக்கமாக இருந்தால் அங்கே உள்ள தடை மிக மிகக் குறைவு. ஓம் என்பது தடையை அளக்கும் அலகு. நல்ல பிடியில் ஓர் ஓமில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பல வருஷம் செருகிச் செருகி எடுத்து, பட்டை தளர்ந்து, மேலே கறுப்பு படிந்துவிட்டால் அதுவே அரை ஓம் ஆகலாம். அரை ஓம் என்பது பெரிய விஷயமாகத் தோன்றாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மின்சாரத்தால் பிறக்கும் சூட்டுக்கு ஒரு விதி உண்டு. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் 1841-இல் அதை வெளியிட்டார். ஓடும் மின்சாரத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதைத் தடையால் பெருக்க வேண்டும். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 76. நல்ல பிடியாக இருந்தால் அதில் இருநூறில் ஒரு பங்கு: அரை வாட்டுக்கும் குறைவு. பிளக்குக்குத் தெரியவே தெரியாது. தளர்ந்த பிடியாக இருந்தால் 76-இல் பாதி: 38 வாட்.

ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகமான சூடு, ஒரு பிளக் பின்னின் நுனியில், பிளாஸ்டிக் கூட்டுக்குள், காற்றோட்டம் இல்லாமல், நீங்கள் சாதம் வடிக்கும் நேரம் முழுக்க உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது.

இதே தளர்ந்த சாக்கெட்டில் 750 வாட் மிக்ஸியைப் போட்டால் என்ன? ஓடுவது 3.3 ஆம்பியர்கூட இல்லை. பெருக்கிப் பார்த்தால் 5 வாட் சூடுதான். அதுவும் சட்னி அரைக்கும் மூன்று நிமிடத்துக்கு. “இவ்வளவு நாள் மிக்ஸி ஓடிச்சு, ஒண்ணும் ஆகல, இண்டக்ஷன் வாங்கினதும் பிளக் கருகுது, அடுப்புதான் சரியில்ல” என்று சொல்பவர்கள் உண்டு. அடுப்பின் மேல் குற்றமில்லை. சாக்கெட் ஏற்கெனவே கெட்டிருந்தது. மிக்ஸி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மின்சாரம் தன்னோடு தானே பெருக்கப்படுவதால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. அடுப்பை 2000-லிருந்து 1000 வாட்டுக்குக் குறைத்தால் பிளக்கின் சூடு பாதியாகாது, கால் பங்காகும். 38 வாட் இருந்த இடத்தில் ஒன்பதரை. எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவார் என்றால் இன்றைய சமையலைக் குறைந்த வாட்டில் ஒப்பேற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒப்பேற்றல் மட்டும்தான், தளர்ந்த பட்டை சூட்டால் மேலும் தளரும், மேலும் கறுக்கும், தடை மேலும் ஏறும். அது தானாகச் சரியாகிற நோய் இல்லை.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

ஏதாவது கோளாறு என்றால் மெயின் பாக்ஸில் ஸ்விட்ச் விழுந்திருக்குமே என்று நினைப்போம். அந்த ஸ்விட்ச்தான் எம்.சி.பி. அது பார்ப்பது ஒன்றை மட்டும்: அளவுக்கு மீறி மின்சாரம் ஓடுகிறதா? தளர்ந்த பிளக்கில் ஓடுவது அதே 8.7 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் பார்வையில் எல்லாம் சுகம். கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே? போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் இருந்தால் துண்டித்துவிடும். ஒருவரின் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கும்போது உயிரைக் காப்பது அதுதான். ஆனால் இங்கே எதுவும் கசியவில்லை. போனது முழுக்கத் திரும்பி வருகிறது. அடுப்புக்கும் விஷயம் தெரியாது: 230 வோல்ட்டில் நாலு வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது, நம் ஊர் மின்சாரம் தினமும் அதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறது.

ஆக, இந்த ஒரு கோளாறுக்கு வீட்டில் காவல்காரரே இல்லை. உங்கள் மூக்கும் புறங்கையும்தான். கால் மணி நேரம் சமைத்த பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. வைக்க முடியாத சூடு, மீன் கெட்டதுபோல ஒரு பிளாஸ்டிக் நாற்றம், துளையைச் சுற்றி மஞ்சளோ கறுப்போ படிந்த நிறம், இவற்றில் எது இருந்தாலும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகப் பார்ப்பார். பிளக்கையும் மாற்றச் சொல்லுங்கள். கருகிய பிளக், புது சாக்கெட்டையும் சீக்கிரமே கெடுத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.

மாடிப் போர்ஷனிலும் பேச்சிலர் அறைகளிலும் சுவரில் பெரிய சாக்கெட்டே இருக்காது. அங்கேதான் கன்வெர்ஷன் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வருகின்றன. தடித்த பின்னைச் சின்னத் துளைக்குள் அனுப்பும் அந்தக் கன்வெர்ஷன் பிளக், 6 ஆம்பியருக்கான பட்டைகளிடம் 8.7-ஐத் தாங்கச் சொல்கிறது. கூடவே, கவ்வும் இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. எக்ஸ்டென்ஷனில் மெல்லிய வயர், 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஐந்து மீட்டர் நீளம் என்றால் வயரிலேயே 18 வாட் சூடு பிறக்கும். நீட்டிப் போட்டிருந்தால் காற்றில் ஆறிவிடும். அழகாகச் சுருட்டிக் கட்டி மேடைக்கு அடியில் சொருகியிருந்தால் ஆற வழியில்லை. கீசருக்கென்று தடித்த வயரில் தனி லைன் இழுக்கும் அதே வீட்டுக்காரர், கீசர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் அடுப்பை மிக்ஸி பிளக்கில் போடு என்கிறார். விந்தைதான்.

மூன்றாவது பின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே இருக்கும் நீளமான, தடித்த பின் எர்த். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அதை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு ஓட்டுவது தமிழ்நாட்டின் குடிசைத் தொழில்களில் ஒன்று.

கண்ணாடி

கண்ணாடி தானாகச் சூடாகாது என்று பார்த்தோம். ஆனால் அதன் மேல் 100 டிகிரி பாத்திரம் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. வாங்கிய சூட்டை அது உடனே விடாது. பாத்திரத்தை இறக்கியதும் அங்கே கை வைத்தால் கொப்புளம்தான். சிவப்பாக எரிவதுமில்லை, புகைவதுமில்லை. பார்வைக்குச் சூடான தட்டும் ஆறிய தட்டும் ஒன்றே. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அடுப்பைத் தரையிலோ தாழ்ந்த ஸ்டூலிலோ வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நல்ல அடுப்புகளில் இருக்கும் தட்டு, சாதாரணக் கண்ணாடி இல்லை. 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். உலை கோளாறாகி 900-க்குப் போய்விட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்தால், துண்டு வெண்ணிறமாகி உருக்குலையாமல் இருந்தது. எடுக்கும்போது கை தவறி விழுந்தது, உடையவும் இல்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் முளைத்திருந்தன. இதைப் படிகக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் இதன் வகைகளில், சூட்டில் ஏறக்குறைய விரியவே விரியாதவையும் வந்தன. சூட்டில் கண்ணாடி விரிசல் விடுவதே ஒரு பகுதி விரிந்து மறுபகுதி விரியாததால்தான். விரியாத கண்ணாடியைச் சூட்டால் உடைப்பது கடினம். குழவிக்கல்லோ இரும்புக் கடாயோ நச்சென்று விழுந்தால் மட்டும் உடையும். விலை குறைந்த அடுப்புகள் எல்லாவற்றிலும் அதே தரம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

விரிசல் விட்ட தட்டில் செலோ டேப் ஒட்டிச் சமைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் பொங்கி அந்த விரிசலுக்குள் இறங்கினால் கீழே இருப்பது வீட்டு மின்சாரத்தில் ஓடும் சுற்று. ஈரம் அதையும் பாத்திரத்தையும் இணைத்துவிடும். மயிரிழை விரிசலாக இருந்தாலும் சுவரில் அணைத்து ஓரமாக வைத்துவிட வேண்டும்.

எண்ணெய்க்குத் தெரியும், அடுப்புக்குத் தெரியாது

அடுப்பின் முகப்பில் 180, 200 என்று டிகிரி காட்டுகிறதே, அதை எப்படி அளக்கிறது? கண்ணாடியின் அடியில், சுருளின் நடுவே, வெப்ப உணரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எண்ணெயைத் தொடவில்லை, பாத்திரத்தையும் தொடவில்லை. பாத்திரத்தின் சூடு கண்ணாடி வழியாக இறங்கி வந்த பிறகே அதற்குச் செய்தி போகும். கண்ணாடியோ வெப்பத்தைச் சோம்பலாகக் கடத்துகிற பொருள்.

பெரிய குண்டான் தண்ணீருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல. கால் லிட்டர் எண்ணெய் ஊற்றிய மெல்லிய கடாயை முழு வாட்டில் வைத்தால் கதை வேறு. தோராயமாக நொடிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏறும். ஒன்றரை நிமிடத்தில் 230 டிகிரியைத் தொட்டுப் புகைய ஆரம்பிக்கும். கேஸ் அடுப்பின் கைப்பழக்கத்தில், “எண்ணெய் காயட்டும், அதுக்குள்ள வெங்காயம் நறுக்கிடலாம்” என்று திரும்பினால் காலம் போதாது. அடி வளைந்த கடாய் என்றால் நடுவில் இடைவெளி வேறு. உணரிக்கு இன்னும் தாமதமாகத்தான் சேதி வரும். பொரிக்கும்போது ‘ஃப்ரை’ பட்டனை நம்பாமல், நடுத்தர வாட்டில் வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள்.

பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, எவர்சில்வர் தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்திக் கடாயை மூடுங்கள். ஆறும் வரை திறக்கக் கூடாது. தண்ணீர் வேண்டவே வேண்டாம். எண்ணெயின் அடியில் மூழ்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும். எரிகிற எண்ணெயையும் தூக்கிக்கொண்டு கூரை வரை போகும்.

பேஸ்மேக்கர், மின்விசிறி, கரப்பான்

கதிர்வீச்சு பயத்துக்கு வருகிறேன். சுருளிலிருந்து வருவது எக்ஸ் கதிரைப் போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் ரகம் இல்லை. நொடிக்குச் சில பத்தாயிரம் தடவை ஆடும் காந்தப்புலம் அது; ஓரிரு ஜாண் தள்ளிப் போனாலே வெகுவாக மெலிந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உண்மையான எச்சரிக்கை இருக்கிறது. அடுப்பு ஓடும்போது பேஸ்மேக்கருக்கும் அதற்கும் இடையே 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி, தூரம் வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன். பாத்திரத்தைச் சுருளின் நடுவில் சரியாக வைத்தால் வெளியே கசியும் புலமும் குறையும். மற்றவற்றை அவரவர் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அடுப்புக்குள் இருக்கும் மின்விசிறி. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ‘விர்’ரென்று ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் வீணாகிறதே என்று பலர் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறார்கள். நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் மின்சாரத்தைத் திருப்பிவிட்ட டிரான்சிஸ்டர் உள்ளே கொதித்துப்போய் இருக்கிறது. மேலேயிருந்து கண்ணாடியின் சூடும் இறங்குகிறது. விசிறி அதற்காகத்தான் ஓடுகிறது. நின்ற பிறகு சுவரில் அணைத்தால் போதும். அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டாலோ விசிறிக்குக் காற்றே போகாது. அடியில் உள்ள துளைகளை மாதம் ஒரு தடவை, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அந்தத் துளை வழியாகத்தான் கரப்பான் உள்ளே போகும். இரவில் வெதுவெதுப்பாக இருக்கும் இடம் அதற்குப் பிடிக்கும். அது மின்னணுச் சுற்றின் இரண்டு உலோகக் கோடுகளுக்கு நடுவே காலை வைத்தால், மறுநாள் காலை காபிக்கு கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதுதான்.